எந்த வருஷத்துக்கு?

கொட்டாஞ்சேனையிலே, ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ஓர் ஒழுங்கையில், பழைய மோட்டார் வண்டிகளுக்குத் தீந்தை பூசுவதையே நாற்பது ஆண்டுகளாக ஜீவனோபாயமாகக் கொண்டிருக்கும் ஒருவரின் பட்டறைக்கு, வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸிலே மடியில் வைத்தபடி நான் கொண்டுபோயிருந்த பழைய பெற்றோல் கேனை மேசைமீது நிமிர்த்தி வைத்து, அதன் நீலத் தீந்தையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் கேட்ட கேள்வி இது: "எந்த வருஷத்துக்குக் கொண்டுபோகணும் ஐயா?"

தொழிலாளி என்ற முறையில் அவர் கேட்டது முற்றிலும் நியாயமே. யுத்தகால ஜீப் வண்டிகளைச் செப்பனிட்டுப் பேணும் ரசிகர்கள் கொழும்பிலே உண்டு. வண்டியின் பின்புறத்தில் மாட்டுவதற்கு அந்தக் காலத்துக் கேன் ஒன்று இல்லாவிட்டால் அலங்காரம் பூர்த்தியாகாது என்பது அவர்களுடைய சித்தாந்தம். பழைய தீந்தையை முழுவதும் உரித்து, கறளை நீக்கி, இராணுவப் பச்சையை மறுபடி பூசி, அச்சுத்தகடு வைத்து வெள்ளை எழுத்துகளைப் பதித்துத் தரும்படி அவர்கள் கேட்பார்கள். ஒருவர் 1943 என்பார், மற்றொருவர் 1944 என்பார். நானும் அப்படி ஏதேனும் ஒரு வருஷத்தைச் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். எனக்கு வாய் வரவில்லை. அது ஏன் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன், ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாகாது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனெனில் அது சாமானியப் பொருளன்று. இருபது லீற்றர் கொள்ளும் அந்தக் கேன், அச்சிலே அழுத்தி உருவாக்கிய இரண்டு தகட்டுப் பாதிகளை நடுவிலே ஒன்றோடொன்று ஒட்டிச் செய்யப்பட்டது. ஒட்டின் விளிம்பு வெளியே துருத்தி நின்று அடிபடாதபடி பள்ளத்துக்குள் பதிந்து கிடக்கும். பக்கங்களிலே பெருக்கற் குறி போன்று ஓடும் பள்ளங்கள் பார்வைக்காக இடப்பட்டவை என்றே சிறு பிராயத்தில் நினைத்திருந்தேன். வெயிலிலே பெற்றோல் விரியும்போது தகடு பிளந்துவிடாமல் நெகிழ்ந்து கொடுப்பதற்கு அவை என்பது பின்னாளில் தெரிந்தது. மேலே ஒன்றுக்கு மூன்று கைபிடிகள். நிறைந்த கேனை நடுப்பிடியால் ஒருவர் தூக்கலாம். ஓரப்பிடிகளைப் பற்றி இருவர் பகிர்ந்து சுமக்கலாம். வெறுங்கேன்களாயின் அடுத்தடுத்துள்ள ஓரப்பிடிகளைச் சேர்த்துப் பிடித்துக் கைக்கு இரண்டாக நான்கை ஒரே ஆள் கொண்டு போகலாம். கைபிடிகளுக்குக் கீழேயுள்ள கூனலில் எப்போதும் சிறிது காற்று அடைபட்டு நிற்பதால், பெற்றோல் நிறைந்த கேனைக் கடலில் எறிந்தாலும் மிதக்கும். யுத்தத்தின் பொருட்டுப் பிறந்த வஸ்துக்களிலே இவ்வளவு புத்திசாலித்தனமும் இவ்வளவு சாதுவான தோற்றமும் ஒருங்கே அமைந்தது வேறொன்று உண்டா என்பது சந்தேகமே.

இதனை ஆக்கியவர்கள் ஜெர்மானியர். 1937ஆம் ஆண்டளவில் ஷ்வெல்ம் என்னும் ஊரிலிருந்த முல்லர் தொழிற்சாலையின் எஞ்சினியர் வின்சென்ஸ் க்ரூன்ஃபோகல் என்பவரின் கைவண்ணம் அது. அதன் இரகசியம் வெளியுலகுக்கு வந்த கதையிலே நம்முடைய பக்கத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பெர்லினில் வேலை பார்த்த போல் ப்ளைஸ் என்னும் அமெரிக்க எஞ்சினியர், 1939ஆம் ஆண்டின் கோடையிலே ஜெர்மன் நண்பர் ஒருவரோடு மோட்டார் வண்டியில் இந்தியாவுக்குத் தரைமார்க்கமாகப் புறப்பட்டபோது, அவசரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வழியில்லையே என்று நண்பர் யோசித்து, டெம்பல்ஹோஃப் விமான நிலையத்துக் களஞ்சியத்திலிருந்து மூன்று கேன்களை எடுத்துவந்துவிட்டார். வழியிலே நண்பர் தாய்நாட்டுக்கு அழைக்கப்பட்டுத் திரும்ப, ப்ளைஸ் தனியே கல்கத்தா வந்து சேர்ந்து, வண்டியையும் கேன்களையும் அங்கே விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அமெரிக்க இராணுவ அதிகாரிகளிடம் அவர் சொல்லிப் பார்த்தும், மாதிரியைக் கண்ணால் காணாமல் ஒருவரும் சிரத்தை காட்டவில்லை. அடுத்த ஆண்டு அந்த வண்டி கல்கத்தாவிலிருந்து சுற்றுவழியாக நியூயோர்க் போய்ச் சேர்ந்தபோதுதான் மாதிரி அவர்களுடைய கைக்குக் கிடைத்தது. கிடைத்த பின்னரும் அதனை அப்படியே செய்யாமல், திருகுமூடியும் மடித்த ஓரமுமாகத் தம் இஷ்டப்படி மாற்றிக் கெடுத்தார்கள் என்பது வேறு விஷயம். நல்லதைப் பார்த்து எழுதும்போதும் நாலு இடத்தில் திருத்தாவிட்டால் மனிதருக்குத் திருப்தி வருவதில்லை.

ஆங்கிலேயரின் கதி இன்னும் பரிதாபம். வட ஆபிரிக்கப் பாலைவனத்திலே அவர்கள் பெற்றோலைக் கொண்டுசென்றது, பற்றாசு வைத்து ஒட்டிய நாலு கலன் தகரங்களில். மெல்லிய அந்தத் தகரம் லொறியின் குலுக்கலிலேயே பிளந்து ஒழுகும். போர்முனையை அடையுமுன் நூற்றுக்கு முப்பது வீதம் மண்ணுக்குப் போய்விடுகிறது என்பது சேனாதிபதி ஓக்கின்லெக்கின் மதிப்பீடு. ஆகவே சிப்பாய்கள் எதிரியிடமிருந்து கைப்பற்றிய கேன்களைப் பொக்கிஷம் போலப் பேணினார்கள். ஜெர்மானியரை அவர்கள் கேலியாக அழைத்த 'ஜெரி' என்ற பெயரே கேனுக்கும் ஒட்டிக்கொண்டது. பின்னர் இங்கிலாந்திலேயே அதனைப் பிரதி செய்யத் தொடங்கினார்கள். என் கேனைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால், நீலத்துக்கு அடியிலே தகட்டோடு தகடாக அழுத்தப்பட்ட அடையாளங்கள் தெரியும்: W, D என்னும் இரண்டு எழுத்துகள், அவற்றின் நடுவே மேல்நோக்கிய அம்பு, 1944 என்னும் இலக்கம், BMB என்னும் மூன்றெழுத்து. அம்பு பிரித்தானிய அரசாங்கச் சொத்துக்கு நெடுங்காலமாக இடப்பட்டுவந்த முத்திரை; மூன்றெழுத்தோ டாகன்ஹாமிலிருந்த பிரிக்ஸ் மோட்டார் பொடீஸ் என்னும் கம்பனியைக் குறிப்பது.

அந்த நாலு கலன் தகரத்தை நம்மவர்கள் மாத்திரம் பழித்துப் பேசமாட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கவேண்டும். மண்ணெண்ணெய் வந்த அதே தகரம் யாழ்ப்பாணத்து வீடுகளிலே அரிசி போட்டு வைக்கும் பாத்திரமாகவும், கிணற்றடியில் தண்ணீர் அள்ளும் வாளியாகவும், பிரித்து அறைந்தால் கோழிக்கூட்டின் கூரையாகவும் மூன்று ஜன்மம் எடுத்திருக்கிறது. ஒரு பொருள் தன் முதல் எஜமானனை இழந்த பின்னர் எப்படி வாழ்கிறது என்பதே என்னைப் பொறுத்தவரை அதன் சரித்திரத்தில் ருசியான பகுதி.

யுத்தம் இலங்கைக்கு வந்த விதத்தை வாசகர் அறிவர். சிங்கப்பூர் வீழ்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 1942 ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. குதிரைப் பந்தயத் திடலையே ஓடுதளமாக்கி, அங்கிருந்தும் இரத்மலானையிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்தன. நான்கு நாட்களின் பின்னர் திருகோணமலையில், சீனன்குடாவின் பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின்மீது ஜப்பானிய விமானமொன்று விழ, அது எரிந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகமே பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்து குடியேறியது. இத்தனை சேனைக்கும் வாகனத்துக்கும் ஊற்றிய எரிபொருளின் கலங்கள் யுத்தம் முடிந்ததும் மிஞ்சிய சாமான்களாகி ஏலத்துக்குப் போயின. துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்த என் பெரியப்பா அவற்றில் இரண்டை வாங்கினார். ஒன்று எங்கே போயிற்று என்பது குடும்பத்திலே இன்றும் தீராத வழக்கு. மற்றதைத்தான் நான் மேசைமேல் வைத்தேன்.

இனி அச்செழுத்து வித்தை. அதனை அலட்சியமாகப் பேசுவோர் ஒருமுறையேனும் அருகிருந்து பார்க்கவேண்டும். எங்கள் தீந்தைக்காரரின் தகப்பனார் தேயிலைப் பெட்டிகளுக்கு அச்சுத்தகடு வெட்டியவர். பலகைப் பெட்டிகள் மறைந்து கடதாசிச் சாக்குகள் வருவதற்கு முந்திய காலத்தில், தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் நிறையும் துறைமுகத்தின் பெயரும் ஒவ்வொரு பெட்டியிலும் கறுப்பாகப் பதியப்பட்ட பின்னரே கப்பல் ஏறும். தகப்பனார் வெட்டிய நாகத்தகடு ஒன்றை மகன் சுவரிலே தொங்கவிட்டிருக்கிறார். O என்ற எழுத்தின் நடுவட்டம் விழுந்துவிடாமல் தாங்குவதற்கு மேலும் கீழும் ஒடுங்கிய இரண்டு பாலங்கள். அந்தப் பாலங்களின் அகலம் எழுத்துக்கெழுத்து பிசகாமல் இருப்பதிலேதான் வெட்டுகிறவனின் கைத்திறன் தெரியும் என்றார். தூரிகையைத் தீந்தையில் தோய்த்து, பழைய பத்திரிகைத் தாளிலே ஒற்றி ஒற்றி ஏறக்குறைய உலர்ந்துவிட்டது என்னும்படி ஆக்கி, பிறகு தகட்டின்மேல் செங்குத்தாகக் குத்திக் குத்தி எடுத்தார். இழுத்தால் தீந்தை தகட்டுக்கு அடியில் ஊர்ந்து எழுத்தின் ஓரம் மீசை வைத்துவிடும். தகட்டைத் தூக்கியபோது தாளில் இருந்த எழுத்து சிறிது பொரிந்து, ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் தேய்ந்தும் இருந்தது. "அவசரத்தில அடிச்சது மாதிரி இருக்கணும். பட்டாளத்தான் முந்நூறு கேனுக்கு அடிச்சவன், அழகு பார்க்க அவனுக்கு எங்க நேரம்?" என்றார். கம்பியூட்டரில் வெட்டிய ஒட்டுத்தாளால் பாலமே இல்லாமல் பளிச்சென்று பதிக்கும் இக்காலத்து எழுத்துகளை அவர் 'பிஸ்கற் பெட்டி எழுத்து' என்று சொல்லுகிறார்.

வேலையின் மற்றப் பகுதி அபாயமானது. வெறுங்கேன் நிறைகேனைவிடப் பொல்லாதது. உள்ளே துளி பெற்றோல் இல்லாவிட்டாலும் ஆவி தங்கிநின்று ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். ஆகவே தண்ணீர் நிரப்பிக் கழுவி நாட்கணக்கில் காயவிடாமல் அவர் அதன் அருகே ஒட்டுவேலை எதுவும் செய்வதில்லை. பழைய தீந்தையில் ஈயம் இருக்கும் என்பதற்காக உலர்ந்த அரத்தாளையும் உபயோகிப்பதில்லை, நனைத்தே தேய்ப்பார்.

இத்தகைய வித்தையை நான் குறை சொல்லவில்லை. என் குறை, அது பொய்சாட்சிக்கு அழைக்கப்படுவதுதான். சில காலத்துக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், 1942 என்று வெள்ளை எழுத்தில் பெரிதாக விளங்கிய கேன் ஒன்றை விற்பனைக்கு வைத்திருந்தார்கள்; தென்கிழக்காசியத் தலைமையகத்தின் சின்னமான ஃபீனிக்ஸ் பறவையும் தீப்பிழம்போடு அதன் நெஞ்சிலே இருந்தது. நான் அதனைச் சாய்த்துப் பார்த்தபோது தகட்டிலே அழுந்தியிருந்த வருஷம் 1952. மவுண்ட்பேட்டன் பிரபு பேராதனையை விட்டுப் போய் எத்தனையோ காலத்துக்குப் பின் பிறந்த கேன் அது. கடைக்காரரிடம் காட்டினேன். "உள்ளதை யார் சேர் பார்க்கிறாங்க?" என்று சிரித்தார். வருஷம் சரியாக இருந்திருந்தாலும் அந்தப் பறவை எனக்குச் சந்தேகத்துக்குரியதே. வெறுங்கேனைக் கொடுத்து நிறைகேனை வாங்கும் முறையில் கைமாறிக்கொண்டே இருந்த பொருள், எந்தப் படைப்பிரிவின் சின்னத்தை எத்தனை நாள் சுமந்திருக்கும்? தகட்டிலே அழுத்தியது சாட்சியம், தகட்டின்மேல் தீட்டியது வாதம். வாதத்தைச் சாட்சியமென்று விற்பது எந்த நியாயஸ்தலத்திலும் எடுபடாது.

ஆனால் என்னைத் தயங்கவைத்தது பொய்த் தீந்தையல்ல. என் கேனுக்கு மெய்யான பச்சையைப் பூசலாம். 1944க்குரிய ஒலிவ் நிறத்தின் இலக்கம் எஸ்.சீ.சீ. 15 என்பது வரை தீந்தைக்காரருக்கு மனப்பாடம். அதைப் பூசுவதற்கு முன் உரித்தெடுக்கவேண்டிய நீலம் இருக்கிறதே, தயக்கம் அங்கேதான்.

1983 ஜூலை 25ஆந் திகதி, தமிழருக்கு எதிரான வன்செயலின்போது, வெள்ளவத்தையில், பெற்றோல் கேன் என்பது என்னவாக இருந்தது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விரித்துச் சொல்லவேண்டியதில்லை. காலி வீதியிலே அது எவர் கையில் இருந்தது, எந்தக் கதவுகளின்மேல் ஊற்றப்பட்டது என்பதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாங்கள் இரத்மலானை விமான நிலையத்து அகதிகளோடு அகதிகளாகக் கிடந்தோம். நாற்பத்தொரு வருஷங்களுக்கு முன் ஹரிக்கேன்கள் எழுந்த அதே இரத்மலானை. திரும்பி வந்தபோது முன்னறை கரியாகக் கிடந்தது; கிணற்றடியிலே இந்தக் கேன் மட்டும் ஒரு காயமுமின்றி, பச்சையாக, நின்ற இடத்திலேயே நின்றது. அம்மா அதனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த ஆண்டிலே ஒரு நாள், யன்னல்களுக்குப் பூசி மிஞ்சிய நீலத் தீந்தையை அப்பா எடுத்து, ஒரு மூலையும் விடாமல் அதற்குப் பூசினார். வீடு வீடாகச் சோதனை நடந்த காலம் அது. தமிழர் வீட்டிலே இராணுவப் பச்சையில் ஒரு கேன் இருந்தால், பெரியப்பா ஏலத்தில் வாங்கிய கதையைக் கேட்டு நம்புவார் யார்? சோதிக்க வருபவரின் கண்ணுக்காகப் பூசினாரா, அம்மாவின் கண்ணுக்காகப் பூசினாரா என்று அப்பா ஒருநாளும் சொல்லவில்லை. தூரிகையின் மயிர் ஒன்று கைபிடியடியில் தீந்தையோடு உலர்ந்து இன்றும் ஒட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகும் அந்தக் கேன் சும்மா இருக்கவில்லை. வடக்கிலே பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில், பெற்றோல் மருந்து போலாகி, யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயிலே புகைத்துக்கொண்டு ஓடிய கதையைக் கேட்டுக்கேட்டு, வந்திறங்கும் உறவினர்கள் இந்தக் கேனைத் தட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். 2022இல் கொழும்புக்கே அந்தக் கதி வந்தது. காஸ் கிடைக்காமல் மாடிவீட்டுக்காரரெல்லாம் மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரும்பியபோது, ஆட்கள் நிற்க முடியாத வெயிலில் கேன்களே ஆட்களுக்குப் பதிலாக வரிசையில் நின்றன. ஒரே கயிற்றில் கோத்துக் கட்டிய பிளாஸ்டிக் கேன்களின் நடுவே எங்கள் நீலத் தகரமும் ஒன்று. நாடெங்கும் அந்த வரிசைகளில் நின்றபடியே உயிர்விட்ட முதியவர்கள் உண்டு. வரிசையை ஒழுங்குபடுத்திய பையன் ஒருவன் கறுப்பு மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு கேனிலும் இலக்கம் போட்டுக்கொண்டு வந்தான். எங்களுக்கு 47. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் அது முழுவதும் போகவில்லை.

முந்நூறு கேனுக்கு அவசரமாக எழுத்தடித்த பட்டாளத்தானின் வேலை மெய்யான அடையாளம் என்றால், முந்நூறு கேனுக்கு அவசரமாக இலக்கம் போட்ட அந்தப் பையனின் வேலை எவ்வகையில் தாழ்ந்தது? முதல் எஜமானன் இராணுவமாக இருந்ததால் அவன் இட்ட குறிக்கு மாத்திரம் புராதன மகிமையும், எழுபது வருஷத்துக்கு மேலாக அதனைச் சுமந்து புழங்கிய குடும்பத்தின் குறிகளுக்கு அரத்தாளும் என்பது என்ன நீதி? அடியிலே வேறு கதை எதுவுமில்லாமல் கறளே தோலாகிப்போன கேன் கிடைத்தவர்கள் தாராளமாகப் பச்சை பூசட்டும், எழுத்தும் அடிக்கட்டும். தகட்டிலுள்ள வருஷத்துக்கு ஒத்தபடி அடித்து, இன்ன ஆண்டில் மறுபடி பூசியது என்று அடித்தட்டிலே சிறிதாக எழுதி வைத்துவிட்டால் எவரையும் ஏமாற்றியதாகாது. வீட்டுத் தீந்தை ஏறிய கேனை மாத்திரம் உரிப்பதற்கு முன், அந்தத் தீந்தையை யார் பூசினார், எதற்காகப் பூசினார் என்று வீட்டிலே உயிரோடிருக்கும் மூத்தவர் எவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் பட்டறையில் நின்று நான் பேசவில்லை. அப்பாவின் நீலம், 47 என்ற இலக்கம், இவ்விரண்டை மாத்திரம் விரலால் காட்டினேன். அவர் சிறிது நேரம் கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், பஞ்சிலே ஏதோ ஒரு திரவத்தை நனைத்து வந்து, அம்பும் 1944உம் இருக்கும் இடத்திலே மாத்திரம், உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக நீலத்தை நீக்கினார். அதன் கீழே மங்கிய பச்சையும், பச்சைக்கு மேலே பழைய எழுத்தொன்றின் வெள்ளைக் கால் போன்ற ஒரு கீற்றும் தெரிந்தன. அந்தக் கீற்று எந்த எழுத்தின் மிச்சம் என்று இருவரும் யன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தோம்.

கூலி கேட்டேன். "நான் ஒண்ணும் செய்யலையே ஐயா" என்று சொல்லி, மூடியில் உளுத்துப்போயிருந்த றப்பர் வளையத்துக்குப் பதிலாகப் புதியதொன்றைப் போட்டு, அதற்குரிய காசை மாத்திரம் வாங்கிக்கொண்டார்.